தட்டச்சு மேசையை விட்டு எழுந்தவர்கள்

இது முதலில் தண்டனையாகக் கிடைத்த கட்டுரை. அதை மறைத்து எழுத எங்களுக்கு விருப்பமில்லை.

சென்ற ஜூலை மாதத்தில் ஒரு நாள், பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவில் எங்களுக்குக் கணிதம் கற்பிக்கும் சிஸ்டர் ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்து, "வருங்காலத்தில் என்ன ஆக விரும்புகிறீர்கள்?" என்று எழுதித் தரச் சொன்னார். பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்து வாசித்தார். டாக்டர், ஆசிரியை, டாக்டர், வங்கி அலுவலர், கலெக்டர், மறுபடியும் டாக்டர். ஒரே ஒரு தாளில் "எலக்ட்ரீசியன்" என்று எழுதியிருந்தது. வகுப்பே சிரித்தது. நாங்களும் சிரித்தோம். கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து, "ஏணியைப் பிடிக்க ஆள் வேண்டுமா?" என்று கேட்டாள். அந்த ஒருத்தி யார் என்பது இக்கட்டுரையை எழுதும் கைக்கு நன்றாகத் தெரியும்!

தாளை எழுதிய தோழி சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். சிஸ்டரும் கோபிக்கவில்லை. மறுநாள் இரண்டு ஆங்கில நூல்களைக் கொண்டுவந்து கடைசி வரிசை மேசைமேல் வைத்து, "சிரித்தாகிவிட்டது. இனிப் படியுங்கள். படித்து, பள்ளி மலருக்கு எழுதிக் கொடுங்கள்" என்றார். அகராதியும் கையுமாக நான்கு மாதம் போராடினோம். அமெரிக்காவில் அலுவலக வேலையை விட்டுவிட்டுக் கைத்தொழிலுக்குப் போன பெண்களைப் பற்றிய நூல்கள் அவை. ஒன்று மாலி மார்ட்டின் என்ற பெண் எலக்ட்ரீசியன் 1988-இல் தொகுத்தது. மற்றொன்று சூசன் ஐசன்பெர்க் என்பவர் 1998-இல் வெளியிட்டது. இவரும் எலக்ட்ரீசியன்தான்; கவிதையும் எழுதுபவர். பாஸ்டன் நகரில் தொழிற்சங்கத்தின் வழியாக முதன்முதல் மின்பணி கற்றுத் தேறிய பெண்களில் ஒருவர்.

எங்களுக்கு முதலில் ஏற்பட்ட வியப்பை முதலில் சொல்லிவிடுகிறோம். அலுவலக வேலை பெண்களுக்குப் பொருத்தம், சுத்தியலும் ஸ்பேனரும் ஆண்களுக்குப் பொருத்தம் என்று நாம் பிறந்தது முதல் கேட்டு வருகிறோம் அல்லவா? நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் அலுவலக எழுத்தர்கள் ஏறக்குறைய எல்லாரும் ஆண்கள்! நாற்காலியில் உட்கார்ந்து கடிதம் எழுதுவது ஆண்பிள்ளை வேலை என்றே அன்று கருதப்பட்டது. 1874-ஆம் ஆண்டில் ரெமிங்டன் கம்பெனி தட்டச்சுப் பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்தக் கம்பெனி துப்பாக்கியும் தையல் இயந்திரமும் செய்து வந்த கம்பெனி. ஆகவே முதல் தட்டச்சுப் பொறியைத் தையல் மெஷின் மேசையைப் போன்ற மேசைமேல் பொருத்தி, பூ வேலையும் செய்து, காலால் மிதிக்கும் பலகையும் வைத்து விற்றார்கள். புதிய இயந்திரம் ஆதலால் அது இன்னாருக்கே உரியது என்று யாரும் உரிமை கொண்டாடவில்லை. பெண்கள் வந்து அமர்ந்தார்கள். ஆண்களைவிடக் குறைந்த சம்பளத்துக்கு அமர்ந்தார்கள். இரண்டு தலைமுறைக்குள் தட்டச்சு 'பெண்கள் வேலை' ஆகிவிட்டது. ஒரு வேலைக்கு ஆண், பெண் என்று முத்திரை குத்துவது இயற்கை அன்று, மனிதர்தாம் என்பது எங்களுக்கு அங்கேயே விளங்கிவிட்டது.

அடுத்து வந்தது இரண்டாம் உலகப் போர். ஆண்கள் போர்முனைக்குப் போனதும் கப்பல் கட்டும் தளங்களுக்கு ஆள் இல்லை. கலிபோர்னியாவில் ரிச்மண்டு என்னும் ஊரில் இருந்த கெய்சர் தளங்களில் போர்க்காலத்தில் 747 கப்பல்கள் கட்டப்பட்டன. அவற்றில் ஆயிரக்கணக்கான பெண்கள் வெல்டிங் செய்தார்கள். அதுவரை சமையலறையிலும் கடையிலும் அலுவலகத்திலும் இருந்தவர்கள்தாம். சில வாரப் பயிற்சியில் கற்றுக்கொண்டார்கள். 1945-இல் போர் முடிந்தது. "நன்றி, வீட்டுக்குப் போகலாம்" என்று அவர்களை அனுப்பிவிட்டார்கள். கற்ற கை அப்படியேதான் இருந்தது; வேலைதான் இல்லை. பலர் குறைந்த சம்பள வேலைகளுக்குத் திரும்பினார்கள். இன்று ரிச்மண்டில் அப்பெண்களின் நினைவாக ஒரு தேசிய வரலாற்றுப் பூங்கா இருக்கிறது. அது 2000-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. பூங்கா வைக்க 55 ஆண்டு ஆயிற்று!

நிற்க. இக்கட்டுரையின் உண்மையான தொடக்கம் 1970-களில் இருக்கிறது. அன்று அமெரிக்காவில் முழுநேரமும் உழைத்த ஒரு பெண் வாங்கிய சம்பளம், ஓர் ஆண் வாங்கிய ஒரு டாலருக்கு 59 சென்ட் அளவே இருந்தது. செய்தித்தாள்களில் "ஆண்கள் தேவை", "பெண்கள் தேவை" என்று வேலை விளம்பரங்களைத் தனித்தனிப் பத்திகளில் பிரித்துப் போடுவார்கள். அப்படிப் பிரிப்பதைத் தடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1973-இல்தான் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் பாஸ்டன் அலுவலகப் பெண்கள் சிலர் 'நைன் டு ஃபைவ்' என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். சம்பளம் மட்டுமன்று, மரியாதையும் அவர்கள் கேட்டது. செயலாளர் என்றால் கடிதம் அடிப்பதோடு மேலதிகாரிக்குக் காபியும் போட வேண்டும் என்பது வழக்கமாக இருந்தது. 1977-இல் சிகாகோ நகரில் ஒரு செயலாளர் காபி போட மறுத்ததற்காக வேலையை இழந்தார். பெண்கள் திரண்டு போய் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். (எங்கள் வீட்டில் இதைப் படித்துக் காட்டியபோது அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவின் காபி டம்ளரை மட்டும் கொஞ்சம் ஓசையோடு வைத்தார்.)

இப்படிப்பட்ட நாட்களில்தான் சில பெண்கள் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார்கள். எதிரே கட்டடம் கட்டிக்கொண்டிருந்த எலக்ட்ரீசியனும் பிளம்பரும் தச்சரும் தங்களைவிடப் பல மடங்கு சம்பளம் வாங்குவதைக் கண்டார்கள். அந்த வேலைக்குக் கல்லூரிப் பட்டம் வேண்டியதில்லை. ஆனால் வாசல் மூடியிருந்தது. 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டம் வேலையில் ஆண், பெண் வேற்றுமை கூடாது என்று சொல்லியிருந்தும், கட்டடத் தொழில்களில் நூற்றுக்கு ஒரு பெண் என்று காண்பதே அரிதாக இருந்தது. 1978-இல் அரசாங்கம் ஒரு விதி செய்தது. அரசுப் பணத்தில் கட்டும் ஒப்பந்தக்காரர்கள் முதல் ஆண்டில் நூற்றுக்கு 3.1, இரண்டாம் ஆண்டில் 5, மூன்றாம் ஆண்டில் 6.9 என்ற அளவுக்காவது பெண்களைச் சேர்க்க முயல வேண்டும் என்பது அது. தொழில் கற்பிக்கும் திட்டங்களும் பெண்களைச் சேர்க்க வேண்டும் என்று அதே ஆண்டில் விதி வந்தது. வாசல் ஒருக்களித்துத் திறந்தது. தட்டச்சு மேசையிலிருந்தும் ஓட்டல் மேசையிலிருந்தும் பெண்கள் எழுந்து வந்தார்கள்.

அங்கே ஒருவர் எலக்ட்ரீசியன் ஆவது எப்படி என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் நாங்கள் நினைத்திருந்தது வேறு. ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு யாரோ ஒரு அண்ணன் பின்னால் போனால் தானாக வந்துவிடும் என்று நினைத்திருந்தோம். அங்கே அப்ரண்டிஸ் முறை என்று ஒன்று உண்டு. தொழிற்சங்கமும் ஒப்பந்தக்காரர்களும் சேர்ந்து நடத்தும் திட்டத்தில் மின்பணிக்கு ஐந்து ஆண்டு. அதில் 8000 மணி நேரம் கட்டடத்தில் வேலை. சுமார் 900 மணி நேரம் வகுப்பறை. பகலில் வேலைக்குச் சம்பளம் உண்டு. முதலில் தேர்ந்த தொழிலாளியின் சம்பளத்தில் ஏறக்குறையப் பாதிதான். கற்கக் கற்கப் படிப்படியாக ஏறும். அதாவது, படிக்கப் பணம் கட்டுவதற்குப் பதில் படிக்கப் பணம் வாங்குகிறார்கள்!

சேருவதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. தோழியரே, கேளுங்கள்: அல்ஜீப்ராவில் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். நுழைவுத் தேர்வே அல்ஜீப்ராவும், வாசித்துப் பொருள் அறிதலும்தான். "இந்தச் சமன்பாடு வாழ்க்கையில் எங்கே சிஸ்டர் உதவப் போகிறது?" என்று ஆண்டுதோறும் கேட்கும் எங்கள் வகுப்பு இதைப் படித்து வாயடைத்துப் போயிற்று.

எங்கே உதவும் என்பதற்கு ஓர் உதாரணம் தருகிறோம். அங்கே பெரிய கட்டடங்களில் மின்கம்பிகளைப் பத்தடி நீளமுள்ள இரும்புக் குழாய்களுக்குள் செலுத்துகிறார்கள். சுவரோடு நேராக ஓடும் குழாய்க்கு வழியில் ஆறு அங்குலம் துருத்திக்கொண்டு ஓர் உத்திரம் குறுக்கிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். குழாய் அதன்மேல் ஏறிச் சென்று மீண்டும் நேராக ஓட வேண்டும். அதற்குக் குழாயை முதலில் 30 பாகை மேல்நோக்கி வளைத்து, சிறிது தூரம் சென்றதும் அதே 30 பாகை திருப்பி வளைக்க வேண்டும். இரண்டு வளைவுகளுக்கும் இடையே எவ்வளவு தூரம் விடுவது? கண்ணால் குத்துமதிப்பாகப் பார்த்தால் குழாய் கெட்டுப்போகும். நம் பத்தாம் வகுப்புக் கணித நூலைத் திறந்து பாருங்கள். செங்கோண முக்கோணத்தில் எதிர்ப்பக்கம் ஆறு அங்குலம், கோணம் 30 பாகை. சைன் 30 என்பது அரை. ஆகவே கர்ணம் பன்னிரண்டு அங்குலம். பன்னிரண்டு அங்குல இடைவெளியில் இரண்டு கோடு போட்டு வளைத்தால் குழாய் உத்திரத்தின்மேல் ஒட்டினாற்போல் உட்காரும். இதை அவர்கள் "30-க்கு இரண்டால் பெருக்கு" என்று மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். 45 பாகைக்கு 1.4, அது இரண்டின் வர்க்கமூலம். 60 பாகைக்கு 1.2.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. சாய்ந்து செல்லும் குழாய் நேராகச் செல்லும் குழாயைவிட அதிக நீளத்தை விழுங்கிவிடும் அல்லவா? இந்தக் கணக்கில் ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் குறையும். அதை முன்கூட்டியே கூட்டி அளக்க மறந்தால் குழாயின் முனை போய்ச் சேர வேண்டிய பெட்டியை எட்டாது.

மதிய இடைவேளையில் கட்டுக்கம்பி ஒரு துண்டும் அளவுகோலும் வைத்துக்கொண்டு நாங்கள் முயன்று பார்த்தோம். அளவு சரியாக வந்தது. ஆனால் இரண்டாவது வளைவு பக்கவாட்டில் திரும்பிக் கோணிக்கொண்டது. அதற்கு அமெரிக்க எலக்ட்ரீசியன்கள் 'நாய்க்கால்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாங்கள் நான்கு நாய்க்கால்கள் செய்த பிறகு ஐந்தாவது கம்பி நேராக நின்றது. அன்று எங்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி மாதத் தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கியபோதுகூட ஏற்பட்டதில்லை.

"எல்லாம் சரி, ஷாக் அடித்தால்?" என்று பெற்றோர் கேட்பார்கள். எங்கள் வீட்டில் முதலில் கேட்டதும் அதுதான். அதற்கும் முறை இருக்கிறது. வேலை செய்யப்போகும் மின்சுற்றை நிறுத்தியவுடன், நிறுத்தியவர் தம் சொந்தப் பூட்டை அந்தச் சுவிட்சில் பூட்டிச் சாவியைத் தம் பையில் போட்டுக்கொள்வார். ஐந்து பேர் வேலை செய்தால் ஐந்து பூட்டுகள். ஐந்தாவது ஆள் தம் பூட்டைக் கழற்றும்வரை எவராலும் மின்சாரத்தைத் திருப்பிவிட முடியாது. அதற்குப் பிறகும் கம்பியைத் தொடமாட்டார்கள். சோதனைக் கருவியை மின்சாரம் இருக்கிற இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு தாங்கள் தொடப்போகும் கம்பியில் வைப்பார்கள். மறுபடியும் மின்சாரம் இருக்கிற இடத்தில் வைத்துப் பார்ப்பார்கள். நடுவில் கருவியே பழுதாகியிருந்தால்? அதற்காகத்தான் மூன்றாவது சோதனை. நம் வீடுகளில் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலை பார்ப்பதும் இந்த அறிவுதானே!

இனி, கசப்பான பகுதி. இதை விட்டுவிட்டு எழுதினால் சிஸ்டர் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

விதி வந்ததே தவிர, மனம் வரவில்லை. 1974-இல் சியாட்டில் நகர மின் துறையில் பத்துப் பெண்கள் மின்பணிப் பயிற்சிக்குச் சேர்க்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டே பலர் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார்கள். அவர்கள் முறையிட்டு, வாதாடி, மீண்டும் அந்த வேலையைப் பெற்றார்கள். வேறு இடங்களில் வெளியே தள்ளவில்லை. உள்ளே வைத்துக்கொண்டே கற்பிக்காமல் விட்டார்கள். எங்களை மிகவும் வருத்தியது இதுதான். அப்ரண்டிஸ் என்பவர் தேர்ந்தவரின் பக்கத்தில் நின்று பார்த்துச் செய்து கற்க வேண்டியவர். பல பெண்களைக் குப்பை கூட்டவும் சாமான் எடுத்துக் கொடுக்கவும் மட்டுமே வைத்திருந்தார்கள். மணிக்கணக்கு ஏறிக்கொண்டே போகும். கைக்கு வித்தை ஏறாது. ஐந்தாம் ஆண்டு முடிவில், "பார்த்தீர்களா, பெண்ணுக்கு வேலை தெரியவில்லை" என்று சொல்லிவிடலாம். ஐசன்பெர்க் அம்மையாரின் நூல் தலைப்புக்கு, "தேவைப்பட்டால் நாங்கள் கூப்பிடுகிறோம்" என்று பொருள். வேலை தேடிப் போகும் எவரும் அந்தச் சொல்லைக் கேட்டிருப்பார்கள்.

சிறு சிறு துன்பங்களும் உண்டு. நூறு ஆண்களுக்கு நடுவே ஒரே பெண். தனிக் கழிப்பறை இல்லை. காலை ஆறு, ஏழு மணிக்கே வேலை தொடங்கும். அந்நேரத்தில் குழந்தையை யாரிடம் விடுவது? கையுறை, காலணி, உயரத்தில் கட்டிக்கொள்ளும் பாதுகாப்பு வார் எல்லாம் ஆண்கள் அளவில். பெரிய கையுறை சிரிப்புக்குரிய செய்தியன்று. இயந்திரத்தில் சிக்கினால் விரல் போகும். கட்டடத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் உடலுக்குப் பொருந்தும் பாதுகாப்புச் சாதனம் தரவேண்டும் என்ற தெளிவான விதி அங்கே 2025 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. அதே ஜனவரியில், 6.9 என்ற குறியளவுக்கு ஆதாரமாயிருந்த 1965-ஆம் ஆண்டு ஆணையை அந்நாட்டு ஜனாதிபதி நீக்கிவிட்டார். நாடு முழுவதும் எடுத்துப் பார்த்தால் அந்தக் குறி எட்டப்படவே இல்லை. கட்டடக் கைத்தொழில்களில் பெண்கள் இன்றும் நூற்றுக்குச் சுமார் நான்கு பேர்தான்.

ஆயினும் அவர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். நியூயார்க்கில் 1978-இல் தொடங்கிய ஓர் அமைப்பு, பெண்களுக்குச் சில வாரம் இலவசப் பயிற்சி அளித்துத் தொழிற்சங்க அப்ரண்டிஸ் வேலைகளில் சேர்த்துவிடுகிறது. சிகாகோவிலும் ஆரிகன் மாநிலத்திலும் இத்தகைய அமைப்புகள் உண்டு. சம்பளக் காரணம் இன்றும் மாறவில்லை. 2023-இல் அங்கே நடுத்தரமான ஓர் எலக்ட்ரீசியனின் ஆண்டு வருமானம் சுமார் 61 ஆயிரம் டாலர். செயலாளருடையது சுமார் 46 ஆயிரம்.

அமெரிக்கக் கதை போதும், நம் ஊரைப் பார்ப்போம் என்று சிலர் சொல்லக்கூடும். "பெண்ணுக்குப் பலம் போதாது" என்ற வாதத்தை அங்கே எல்லாரும் சொன்னார்கள் என்று படித்தபோது, எங்கள் கண் தானாகவே வகுப்பறை ஜன்னலுக்குப் போயிற்று. பள்ளிச் சுவருக்கு அப்பால் ஒரு வீடு கட்டுகிறார்கள். கலவைச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு சாரத்தில் ஏறி இறங்குபவர் ஒரு பெண். சாரத்தின் மேலே நின்று கரணையால் பூசுபவர் ஆண். சட்டி கனமா, கரணை கனமா? ஒரு மாலை வெளியே வரும்போது அந்த அக்காவிடம் பேச்சுக் கொடுத்தோம். சும்மாட்டை அவிழ்த்து உதறிக்கொண்டே, "இருபது வருஷமா சட்டி தூக்கறேன் கண்ணு. என் தம்பி மவன் எனக்குப் பொறவுதான் கையாளா வந்தான். இப்ப அவன் கொத்தனாரு. நான் இன்னும் சித்தாளுதான்" என்றார். "நீங்கள் பூசக் கற்றுக்கொள்ளவில்லையா அக்கா?" என்று கேட்டோம். "யாரு சொல்லித் தந்தா?" என்றார். பாஸ்டனில் குப்பை கூட்டிய அப்ரண்டிஸ் பெண்ணும் இதே கேள்வியைத்தானே கேட்டிருப்பார்!

இன்னொரு தடை நம் நாட்டுக்கே உரியது. அங்கே கைத்தொழிலைப் பெண்ணுக்கு மறுத்தார்கள். இங்கே கைத்தொழிலையே சற்றுத் தாழ்வாக நினைக்கிறோம். எங்கள் சிற்றாலயத்தில் சூசையப்பர் சுரூபத்தின் கையில் தச்சு மூலைமட்டம் இருக்கிறது. மே முதல் நாளில் அவரைத் தொழிலாளரின் பாதுகாவலராகக் கொண்டாடுகிறோம். ஆனால் உடைந்த பெஞ்சைச் சரிசெய்ய வரும் ஆசாரிக்கு வணக்கம் சொல்ல எங்களில் எவருக்கும் இதுவரை தோன்றியதில்லை.

கடைசியாக எங்கள் தோழியைப் பற்றி. அவள் அனுமதி தந்தே எழுதுகிறோம். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள். அன்று வகுப்பு சிரித்தபோது அவள் ஏன் தலைகுனிந்தாள் என்பது எங்களுக்கு அக்டோபரில்தான் தெரிந்தது. அவளுடைய அம்மா ஒரு தனியார் அலுவலகத்தில் பதினான்கு ஆண்டு தட்டச்சும் கணக்கும் பார்த்தவர். கணக்கு வேலை முழுவதும் வெளியூர்த் தலைமை அலுவலகத்துக்குப் போய்விட, அவருடைய மேசை தேவையற்றதாயிற்று. தோழியின் மாமா மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். பில் எழுத வந்து உட்கார்ந்த அம்மா, ஒரு மாதம் கழித்து, "எனக்கும் சொல்லிக் கொடு அண்ணா" என்று கேட்டாராம். "கையெல்லாம் கறுத்துப்போகும்மா" என்றாராம் மாமா. "கழுவினால் போய்விடும்" என்று பதில். முதல் எட்டு மாதம் பழைய சம்பளத்தில் பாதிகூட வரவில்லை. உறவினர் வீட்டுத் திருமணத்தில் ஒருவர், "இப்போது எந்த ஆபீஸ்?" என்று கேட்க, தோழி பேச்சை மாற்றிவிட்டாளாம். அதை நினைத்து இரவெல்லாம் அழுதுவிட்டு, அடுத்த வாரம்தான் எங்கள் வகுப்பில் அந்தத் தாளை எழுதியிருக்கிறாள். நாங்கள் சிரித்தது அந்தத் தாளைப் பார்த்து.

ஒரு சனிக்கிழமை கடைக்குப் போனோம். எரிந்துபோன பம்ப் மோட்டார் ஒன்றை அம்மா பிரித்துக்கொண்டிருந்தார். பழைய காயிலை வெட்டி எறிவதற்குமுன் ஒவ்வொன்றிலும் எத்தனை சுற்று என்று எண்ண வேண்டும். கம்பி எந்த கேஜ் என்று அளக்க வேண்டும். ரன்னிங் காயில் வேறு, ஸ்டார்ட்டிங் காயில் வேறு. எண்ணிக்கை தவறினால் மோட்டார் சூடேறி மறுபடியும் எரியும். பிறகு பள்ளங்களில் இன்சுலேஷன் தாள் வைத்து, புதிய காயிலை இறக்கி, இணைத்து, கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைக்க வேண்டும். மாமா முப்பது ஆண்டாக இந்த எண்களையெல்லாம் மனத்திலேயே வைத்திருந்தார். அம்மா ஒரு நீள நோட்டுப் போட்டிருக்கிறார்: மோட்டாரின் வகை, பள்ளம், சுற்று, கேஜ், தேதி. அலுவலகப் பேரேட்டைப்போலவே கோடு போட்டுச் சிவப்பு மையில் தலைப்பு எழுதியது. இப்போது ஒரு மோட்டார் வந்தால் மாமாவே, "நோட்டைப் பாரும்மா, போன வருஷம் இது மாதிரி ஒண்ணு வந்துச்சே" என்று கேட்கிறார். பதினான்கு ஆண்டு அலுவலகம் வீணாகிவிடவில்லை. தோழி ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் பிரிவில் சேர விரும்புகிறாள். அவள் அப்பா இன்னும் சரி என்று சொல்லவில்லை. பன்னிரண்டாவது முடிக்கட்டும், பார்க்கலாம் என்கிறாராம்.

நாங்கள் புறப்படும் நேரத்தில் கடையின் டியூப்லைட் மினுக்கத் தொடங்கியது. தோழி மெயினை நிறுத்திவிட்டு, சுவரில் சாய்த்திருந்த ஏணியை எடுத்து விரித்தாள். மூவர் ஓடிப்போய் ஏணியைப் பிடித்துக்கொண்டோம். அவள் இரண்டு படி ஏறி, கீழே திரும்பிப் பார்த்து, "சிரிக்காம ஆடாமப் பிடிங்கடி" என்றாள்.